மாஸ்டரின் மெத்து பிஸ்கட்

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் மைதா சலிப்பது ஆரோக்கியராஜின் வேலை. வேட்டியை அவிழ்த்து மடித்து வைப்பார். கைலிக்கு மாறுவார். கூடத்தில் பழைய நாளிதழை விரித்து, அதன் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்து சலிப்பார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. சல்லடையின் விளிம்பை உள்ளங்கையால் தட்டும் சத்தம் சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்குக் கேட்கும். கேட்டால் மணி ஒன்பதரை. உடம்பில் ஏற்றுமதியில் தேறாத பனியன் ஏதாவது ஒன்று இருக்கும். போன வாரம் அணிந்திருந்ததில் ஒரு கை நீளம், மறு கை குட்டை, மார்பில் பனிச்சறுக்கு விளையாடும் கரடிக்குட்டி. மாவு பறந்து படிந்ததில் கரடி உண்மையாகவே பனியில் நிற்பது போல இருந்தது.

“மூணாவது சலிப்புலதாங்க மாவு மூச்சு விடும்” என்பார், யாரும் கேட்காமலேயே.

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அவர். வயது ஐம்பத்து மூன்று. சொந்த ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரம். திருப்பூர் வந்து இருபத்தெட்டு வருடமாகிறது. பேச்சில் பாதி இன்னும் அங்கேயே நிற்கிறது, மீதிப் பாதியில் இந்த ஊர் ‘ங்க’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் துணி வெட்டுகிறார். ஏழாம் நாள் பிஸ்கட் வெட்டுகிறார். இரண்டும் வேறு வேறு வேலை என்று அவரிடம் யாரும் இதுவரை சொல்லவில்லை.

அவர் சுடும் பிஸ்கட் நமக்குப் பழக்கமானது அல்ல. அரை விரல் கனம் இருக்கும். அடிப்பக்கம்கூடச் சிவக்காமல் இட்லி நிறத்தில் வரும். மேலே வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் சேர்த்து அடித்த இளஞ்சிவப்பு கிரீம், அதன் மேல் கலர் கலராகச் சர்க்கரைத் தூவல். கடித்தால் சத்தமே வராது. பல் உள்ளே போய்விட்டுத் திரும்பி வரும், அவ்வளவுதான். ‘மெத்து பிஸ்கட்’ என்று அவரே பெயர் வைத்திருக்கிறார். பிஸ்கட் என்றால் மொறுக்கென்று உடைய வேண்டும், உடையாவிட்டால் அது நமுத்துப்போனது என்று எல்லாரும் நம்புகிற ஊரில் ஆறு வருடமாக இதைச் சுட்டுவருகிறார்.

ஆரம்பம் ஒரு கிறிஸ்துமஸ். கம்பெனிக்குச் சரக்குப் பார்க்க வந்த வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி, கட்டிங் செக்‌ஷனில் ஆளுக்கொன்றாக இந்தப் பிஸ்கட்டைக் கொடுத்திருக்கிறாள். எல்லாரும் சிரித்துக்கொண்டே வாங்கி, அமுக்கிப் பார்த்துவிட்டு, “நமுத்ததை நம்ம தலையில கட்டிட்டுப் போறாடா” என்று மேசை ஓரத்தில் வைத்துவிட்டார்கள். ஆரோக்கியராஜ் தன்னுடையதைக் கடித்தார். பிறகு மேசை ஓரத்தில் இருந்ததில் பத்தை அவரே தின்றார். பன்னிரண்டாவதைத் தின்னவில்லை, கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பை எடுத்து அளந்தார். குறுக்களவு இரண்டே முக்கால். அதை ஒரு பாலிதீன் பையில் போட்டு, அளவு ஸ்டிக்கர் ஒட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து, “இதான் ஒரிஜினல் சாம்பிள்” என்று ஃப்ரிட்ஜில் வைத்தார். அது அங்கே எட்டு மாதம் இருந்தது.

செய்முறைக்கு செல்போன் இருந்தது. அதில் அரைகுறையாகப் புரிந்த பாஷையில் யார் யாரோ கப் கணக்கில் சொன்னார்கள். “கப்புன்னா எந்தக் கப்பு? டீக்கடை கப்பா, கோயில் திருவிழா கப்பா?” என்று கோபப்பட்டு, எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றினார். வெண்ணெய் ஊத்துக்குளியில் இருந்துதான் வர வேண்டும் என்றார். அதில் தண்ணீர்ச் சத்து கூடுதலாக இருந்ததால் முதல் மூன்று மாதம் பிஸ்கட் அடுப்பில் வைத்த இடத்தில் நிற்காமல் தட்டு முழுக்கப் பரவியது. “சுருங்குற துணி பாத்திருக்கேன், இது என்னடா வளருது” என்று அடுப்பின் கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். கடைசியில் வெண்ணெயையும், மாவில் சேர்க்கிற தயிரையும் புதுப் பனியன் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்தார். எந்தத் துணியில் நன்றாக வடிகிறது என்று நான்கு ரகம் கட்டிப் பார்த்தார். குளியலறைக் கம்பியில் நான்கு மூட்டை தொங்கிய அந்த வாரம், அவர் மனைவி எங்கள் வீட்டில் வந்துதான் குளித்தாள்.

பின்னல் துணியை ரோலிலிருந்து பிரித்ததும் வெட்டக்கூடாதாம். ஒரு நாள் முழுக்கச் சும்மா கிடக்க விட வேண்டும், இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கிவிடும். மாவையும் அவர் அப்படியே சாயங்காலம் வரை கிடக்க விடுகிறார். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் யாராவது கைவைத்தால் கூடத்திலிருந்தே குரல் வரும்: “ஏட்டி, அதத் தொடாத, ரிலாக்ஸ் ஆகுது!”

“இருபத்தாறு வருசமா நான் ஒரு நாளு ரிலாக்ஸ் ஆனது கெடையாது. மைதாவுக்கு வந்த வாழ்வப் பாரு” என்று சமையலறையிலிருந்து பதில் வரும்.

சாயங்காலமானதும் மாவைத் திரட்டி, அளவு பார்த்து வெட்டுவார். அச்சு என்று எதுவும் வாங்கவில்லை. ஓர் எவர்சில்வர் டம்ளரின் விளிம்பைக் கம்பெனியில் கத்தி தீட்டும் கல்லில் கொடுத்துத் தீட்டிக் கொண்டுவந்திருக்கிறார். வட்டங்களை ஒன்றின் இடுக்கில் மற்றொன்று வருகிற மாதிரி நெருக்கி நெருக்கி வைத்து, சேதாரம் எவ்வளவு என்று எடைபோட்டுப் பார்ப்பார். மிச்ச மாவைத் திரும்பத் திரட்டிச் சுட்டது கொஞ்சம் இறுகிப்போகும். அதற்கு ‘செகண்ட்ஸ்’ என்று பெயர். பக்கத்து வீடுகளுக்கு வருவது செகண்ட்ஸ்தான். எனக்கு இது தெரியும் என்பது அவருக்கும் தெரியும். “அக்கா, இதுல ஒரு சின்ன ஃபால்ட்டு இருக்கு, கண்டுக்காதீங்க” என்று சொல்லித்தான் தருவார். வயதில் அவர் எனக்கு மூத்தவர். திருப்பூரில் இதையெல்லாம் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

தொழில் பழக்கம் ஒரே ஒரு முறை அவரைக் கைவிட்டது. மின்கத்தியில் விரல் போகாமல் இருக்க, கட்டிங் மாஸ்டர்கள் இடக்கையில் இரும்பு வளையங்களால் பின்னிய உறை போட்டிருப்பார்கள். எந்தக் கத்திக்கும் அசையாத உறை. அந்தத் தைரியத்தில் ஒரு நாள் அதையே போட்டுக்கொண்டு அடுப்பிலிருந்து தட்டை எடுத்தார். இரும்பு சூட்டையும் தடுக்கும் என்று எப்படி நினைத்தார் என்று அவருக்கே பிறகு விளங்கவில்லை. எடுத்த தட்டை அவர் கீழே போடவில்லை. மேசைமேல் ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் கத்தினார். உள்ளங்கையில் இரும்பு வளையம் வளையமாகத் தடம் இன்னும் இருக்கிறது.

அன்று மருந்து போட்டது அவர் மனைவி மரியபுஷ்பம். ஒரு வார்த்தை பேசாமல் போட்டாள். பேசாமல் இருப்பது கோபத்தினால் அல்ல, அது அவள் தொழில்.

புஷ்பம் இருபத்தோரு வருடமாகச் செக்கிங்கில் இருக்கிறாள். தைத்து வருகிற பனியனைப் புரட்டிப் பார்த்து, குற்றம் இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி இடப்பக்கம் போடுவாள். குற்றம் இல்லாவிட்டால் வலப்பக்கம். இது வீட்டிலும் ஓய்வதில்லை. கத்தரிக்காய் வாங்கினால் இடம் வலமாகப் பிரியும். அடிப்பிடித்த சட்டியில் சிவப்பு அம்பு இருக்கும். கணவர் சட்டைக் காலரில் இருக்கும். மகள் ஆஷாவுக்கு வரன் பார்த்தபோது வந்த பையனின் போட்டோவில், இடது காதருகே ஓர் அம்பு ஒட்டியிருந்தது. ஆரோக்கியராஜ் பதறிப்போய் என்னவென்று கேட்டதற்கு, “காது லேசா வெளிய நிக்கி. மைனரு ஃபால்ட்டுதான்” என்று சொல்லிவிட்டுப் போட்டோவை மேசையின் வலப்பக்கம் நகர்த்தினாள். சம்பந்தம் பேசி முடிந்தது அந்த நகர்த்தலில்தான்.

நன்றாக இருக்கிறது என்று அவள் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. நான் ஒரு முறை கேட்டேன். “நல்ல பீசுக்கு வாய் எதுக்குக்கா? வலப்பக்கம் போட்டா போதும்” என்றாள்.

ஆறு வருடத்தில் கணவர் சுட்ட பிஸ்கட் ஒன்றைக்கூட அவள் முழுசாகத் தின்றதும் இல்லை. உடைப்பாள், அமுக்குவாள், முகர்வாள், வைத்துவிடுவாள். ஏன் என்று கேட்டால், “செக் பண்ணுற பீச நாங்க போட்டுப் பாக்குறதில்ல” என்பாள்.

வீட்டுச் சொந்தக்காரம்மா கண்ணம்மாளின் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மாடியில் இருக்கிறார். யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவர். போன ஐப்பசியில் ஆரோக்கியராஜ், செகண்ட்ஸ் அல்லாத முதல் தரத்திலேயே ஒரு டஜன் எடுத்து, டப்பாவில் அடுக்கி அவருக்குக் கொடுத்தார். மறுநாள் மத்தியானம் டப்பா திரும்பி வந்தது.

“ஏனுங் மாஸ்டரு, நீங்க ஆசையாக் குடுத்த பிஸ்கட்டு, பாவம், மழைக்கு நமுத்துப் போயிருந்துச்சுங்க. சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னு நானே மொட்டமாடில வத்தலோட சேத்திக் காயப்போட்டுட்டனுங்க. இப்பக் கடிச்சுப் பாருங்க, கல்லாட்ட இருக்குது!”

டப்பாவுக்குள் பன்னிரண்டு காய்ந்த வட்டங்கள் இருந்தன. கிரீம் உருகி ஓடி, ஓரத்தில் மிளகாய் விதை ஒட்டியிருந்தது.

“கொஞ்சம் எறும்பு வந்துச்சுங்க. ஊதி உட்டுட்டேன்” என்றும் சொன்னார்.

ஆரோக்கியராஜ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “ரொம்ப நன்றிங்க” என்றார். பிறகு வாசல்படியில் உட்கார்ந்து டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் புஷ்பம் சிரிக்கிற சத்தத்தை நான் முதல் முறை கேட்டது அன்றைக்குத்தான். வெகுநேரம் சிரித்தாள்.

இது நடந்த சில வாரத்தில் ஆஷாவுக்கு நிச்சயம் குறித்தார்கள். மாப்பிள்ளை அருள்செல்வன், பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் இருக்கிறான். ஞாயிறு சாயங்காலம் மாதா கோயில் ஹாலில் நிச்சயம், நூற்றிருபது பேர். மோதிரம் மாற்றியதும் வருகிறவர்களுக்கு மிக்சர், வாழைப்பழம், ஓர் இனிப்பு. இனிப்புக்குத் தன் மெத்து பிஸ்கட்தான் என்று ஆரோக்கியராஜ் முடிவு செய்துவிட்டார். பேக்கரி லட்டு என்று புஷ்பமும் முடிவு செய்திருந்தாள்.

“மாப்பிள்ள வீட்டுக்காரவ அத்தன பேரு வாராவ. இது இப்படித்தான் இருக்கும்னு மைக் புடிச்சுச் சொல்லப் போறியளா?”

“தின்னு பாத்தா தெரிஞ்சுட்டுப் போவுது.”

“தின்ன மாட்டாவ. அமுக்கிப் பாப்பாவ. பொண்ணு வீட்டுக்காரன் போன கிறிஸ்மஸ்ல மிஞ்சுனத நம்ம தலையில கட்டிட்டாம்பாவ. அந்தப் பேச்ச ஆயுசுக்கும் கேக்கப் போறது நீங்களா? உங்க மவ. வாரவங்க எல்லாருக்கும் என்ன மொட்டமாடியா இருக்கு, காயப்போட்டுத் திங்க?”

ஆரோக்கியராஜ் மகளைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரைகிற வேலைக்குப் போகிற ஆஷா, இரண்டு பேருக்கும் நடுவே வளர்ந்த பெண். “அம்மா பாஸ் பண்ணுனா எனக்கு ஓகேப்பா” என்று சொல்லி, போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அன்று என் வீட்டு வாசலில் நின்று அவர் சொன்னது: “அக்கா, இருபத்தெட்டு வருசத்துல நான் முழு பனியன் ஒண்ணு செஞ்சது கெடையாதுங்க. கை தனியா வெட்டுவேன், கழுத்துப் பட்டி தனியா வெட்டுவேன். தைக்கிறவன் வேற, மடிக்கிறவன் வேற. இது ஒண்ணுதான் மாவுலேர்ந்து டப்பா வரைக்கும் நான். என் மவ நிச்சயத்துல, நான் முழுசா செஞ்சது ஒண்ண நாலு பேரு கையில வாங்கட்டுமே.” சொல்லிவிட்டு, கையிலிருந்த செகண்ட்ஸ் இரண்டை என்னிடம் கொடுத்தார்.

புஷ்பம் ஒரு நிபந்தனை போட்டாள். சாம்பிள் காட்ட வேண்டும். பாஸ் ஆனால் வைக்கலாம். இல்லாவிட்டால் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு பேக்கரிக்காரருக்கு லட்டு சொல்லிவிடுவாள். அதற்கு மேல் சொன்னால் அவரால் தர முடியாதாம். ஐந்து மணிக்கு அவரே போன் செய்து கேட்பதாகப் பேச்சு.

முதல் சாம்பிள் திங்கட்கிழமை. கிரீமின் நிறம் ஆஷாவின் நிச்சயப் புடவைக்குப் பொருந்த வேண்டும் என்று, புடவை முந்தானையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கலர் சேர்த்திருந்தார். புஷ்பம் பிஸ்கட்டை வாசலுக்கு எடுத்துப் போனாள். சமையலறை டியூப்லைட்டில் இளஞ்சிவப்பாக இருந்தது, வெயிலில் ஆரஞ்சாக மாறிவிட்டது. சிவப்பு அம்பு. கம்பெனியில் ஒரே துணியை நாலு வெளிச்சத்தில் பார்த்து வாங்குகிறவருக்கு இது பெரிய அவமானம். அன்று இரவு சாப்பிடவில்லை என்று ஆஷா சொன்னாள்.

இரண்டாவது சாம்பிள் புதன்கிழமை. ஐந்தில் ஒன்று வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்தில் இருந்தது. அம்பு.

மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை. புஷ்பம் வாசலுக்குப் போனாள், வந்தாள். டேப் வைத்து அளந்தாள். உடைத்தாள், அமுக்கினாள், முகர்ந்தாள். அம்பு ஒட்டவில்லை. ஆனால் வலப்பக்கமும் வைக்கவில்லை. மேசையின் நடுவில் வைத்தாள்.

“நடுவுல வச்சா என்னட்டி அர்த்தம்?”

“பீசுல ஃபால்ட்டு இல்ல. வாங்குறவன் நமுத்துப்போச்சுன்னு நெனப்பானே, அதுக்கு என்ன செய்யப் போறிய? துணி சுருங்கும்னா லேபிள்ல எழுதி வைக்காவ. இதுக்கு என்ன எழுதுவிய?”

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். ஆரோக்கியராஜ் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

போனது அலாவுதீன் பாய் கடைக்கு. பனியனின் கழுத்திலும் விலாவிலும் தைக்கிற சாட்டின் லேபிள் அடித்துக் கொடுப்பவர். எந்தச் சூட்டில் துவைக்க வேண்டும், எதில் உலர்த்தக் கூடாது என்று குட்டிக் குட்டிப் படங்களோடு வரும் அந்த லேபிள்தான். ஆரோக்கியராஜ் ஒரு சீட்டில் வரைந்தே கொடுத்துவிட்டார். சூரியன், மேலே பெருக்கல் குறி. தோசைக்கல், மேலே பெருக்கல் குறி. டீ டம்ளர், மேலே பெருக்கல் குறி. கீழே, ‘இது மெத்தென்றுதான் இருக்கும். நமுத்துப்போனது அல்ல.’ அதற்கும் கீழே, ‘தயாரிப்பு: பெண்ணின் அப்பா.’

வெள்ளியும் சனி முற்பகலும் லீவு போட்டுவிட்டு அடுப்போடு நின்றார். கட்டிங்கில் எப்போதும் மூன்று சதவீதம் கூடுதலாக வெட்டுவார்கள். அந்தக் கணக்கில் நூற்றிருபத்து நான்கு. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். பாஸ் ஆகாவிட்டால் இத்தனையையும் என்ன செய்வது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் யோசித்தேன். பக்கத்து வீடு நான்தான்.

சனிக்கிழமை மத்தியானம் லேபிள் வந்தது. ஒவ்வொரு பிஸ்கட்டையும் சின்னக் கவரில் போட்டு, வாயை மடித்து, லேபிளின் கீழ்முனையைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தோம். நானும் ஆஷாவும் அடித்தோம், ஆரோக்கியராஜ் வரிசை வரிசையாக அடுக்கினார். மேல்முனை ரிப்பன் மாதிரி ஆடியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்று பேரில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை.

நான்கே காலுக்கு புஷ்பம் ஷிஃப்ட் முடிந்து வந்தாள். கைகால் கழுவிவிட்டு, ஒரு கவரை எடுத்தாள். செக்கிங்கில் முதலில் பார்ப்பது லேபிளைத்தான். லேபிள் தப்பானால் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும்.

படித்தாள். கவரைத் திருப்பி கணவரிடம் நீட்டினாள்.

லேபிளின் முதல் வரி: ‘100% காட்டன்.’

ஆரோக்கியராஜ் இரண்டாவது கவரை எடுத்தார், மூன்றாவதை எடுத்தார். நூற்றிருபத்து நான்கும் காட்டன்.

“நீங்க படிச்சுப் பாக்கலியா?”

“நான் துணி வெட்டுறவன்ட்டி. லேபிள் வாரப்ப பீசு என் கைய விட்டுப் போயி ஒரு வாரம் ஆயிருக்கும்” என்றார் பரிதாபமாக. பிறகு போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

“பாய், பிஸ்கட்டுல என்னங்க காட்டன்?”

அந்தப் பக்கம் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. “அட அல்லாவே. மாஸ்டர், அந்த வரி இல்லாம நான் லேபிளே அடிச்சதில்லயே. கை தானா அடிச்சிருச்சு. திங்கக்கெழம மாத்தித் தந்துர்றேன்.”

“நிச்சயம் நாளைக்குங்க பாய்.”

பாய் மிஷினை நிறுத்தினார். “மாஸ்டர், ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. காட்டன்னு போட்டிருந்தா மெத்துன்னு இருக்கறதுல யாருக்கும் சந்தேகம் வராதுல்ல?”

ஆரோக்கியராஜ் போனை வைத்தார். மணி நான்கு நாற்பது. ஸ்டேப்ளரைப் பிரித்து லேபிளை எல்லாம் எடுத்துவிடலாமா என்று நான் கேட்டேன். லேபிள் இல்லாவிட்டால் அது மறுபடியும் நமுத்துப்போன பிஸ்கட். ஆஷா அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், சுவரில் இருந்த மாதாவைப் பார்த்தாள்.

புஷ்பம் தன் வேலைப்பையைத் திறந்து ட்ரிம்மரை எடுத்தாள். பிசிறு நூல் நறுக்குகிற, விரல் நீளக் கத்தரி. தரையில் உட்கார்ந்து, முதல் கவரை மடியில் வைத்தாள். லேபிளின் மேல்முனையில் அரை விரல் அகலம், ஒரே நறுக்கு. காட்டன் கீழே விழுந்தது. சூரியன், தோசைக்கல், டீ டம்ளர், பெண்ணின் அப்பா மிச்சம். கவரைப் புரட்டினாள், ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

வலப்பக்கம் வைத்தாள்.

அடுத்தது. நறுக்கு, புரட்டல், வெளிச்சம், வலப்பக்கம். இருபத்தோரு வருடக் கை. நாங்கள் எடுத்துக் கொடுக்கிற வேகம் அவளுக்குப் போதவில்லை. ஆரோக்கியராஜ் நின்ற இடத்திலிருந்து உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பதில் கைலியை மடித்துக் கட்டினார். எண்பதில் துணிந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நூறைத் தாண்டியதும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஆஷா அவர் முழங்காலில் தட்டி மூட வைத்தாள். புஷ்பத்தின் மடியில் காட்டன் துண்டுகள் குவிந்துகொண்டே போயின.

நூற்றிருபத்து மூன்றும் வலப்பக்கம் ஏறின.

கடைசிக் கவரை எடுத்தாள். நறுக்கினாள், புரட்டினாள், வெளிச்சத்துக்குத் தூக்கினாள். மற்றவற்றைவிடக் கூடுதல் நேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு அதை இடப்பக்கம் வைத்தாள். அம்பு ஒட்டவில்லை.

ஆரோக்கியராஜ் எழுந்துவிட்டார். “ஏட்டி, அதுல என்ன ஃபால்ட்டு? ஒரே மாவு, ஒரே தட்டு. அதே கலருதானே?”

மேசைமேல் இருந்த அவளுடைய போன் அடித்தது. மணி ஐந்து. பேக்கரி என்று திரையில் எழுத்து மின்னியது.

புஷ்பம் ட்ரிம்மரைப் பையில் போட்டாள். முந்தானையை உதறி, காட்டன் துண்டுகளை நாளிதழில் கொட்டினாள். முழங்காலில் கை ஊன்றி எழுந்து, இடப்பக்கத்துக் கவரை எடுத்துக்கொண்டாள்.

“புஷ்பம், கேக்கேன்ல? அதுல என்ன ஃபால்ட்டுன்னு சொல்லிட்டுப் போ.”

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதைத் தாண்டி, அவரையும் தாண்டி உள்ளறைக்குப் போனாள். அறை வாசலைக் கடக்கும்போதே கவரைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. கடித்த சத்தம் கேட்கவில்லை, மெத்து பிஸ்கட்டைக் கடித்தால் சத்தம் வராது.